படம் கொடுத்தவர் உரிமையைக் கொடுத்தாரா?

தமிழ்நாட்டில் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கண்ணாடி நெகட்டிவ்கள் சில காயலான் கடைக்குப் போகின்றன. சிலவற்றை வாரிசுகள் ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். அப்படித் தப்பிய படங்களும் யாருக்கும் பயன்படாமல் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படத்தின் உரிமை ஸ்டுடியோக்காரருக்கு அல்ல, பணம் கொடுத்த பெண்வீட்டாருக்கு. ஆக, ஸ்டுடியோக்காரரின் மகன் காப்பகத்துக்குக் கொடுப்பது பெரும்பாலும் வெறும் கண்ணாடியைத்தான்.

உரிமை உள்ளவரே கொடுத்தாலும் சிக்கல் தீராது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். "தாத்தா எடுத்த படங்களை அன்புடன் அளிக்கிறோம்" என்ற கடிதத்தைச் சட்டம் உரிமைப் பத்திரமாக ஏற்காது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒரு காப்பகம் படத்தின் மேல் தன் பெயரைப் பொறிக்கிறது?

உரிமைக் கெடு முடிந்த படங்களின் கதை இதைவிட மோசம். முன்பு நடப்பில் இருந்த 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டக் கணக்கில், நெகட்டிவ் உருவானதிலிருந்து 50 ஆண்டுதான் உரிமை. 1905இல் எடுத்த படம் 1955இலேயே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. ஸ்கேன் செய்தோம் என்று அதற்குப் புது உரிமை கோருவதை ஏற்க மாட்டோம். உழைப்பு மட்டுமே பதிப்புரிமை தராது என்று 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பொதுவில் விட்ட படத்துக்கும் காவல் தேவை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் தம் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்து, எவரும் பயன்படுத்தலாம் என்றார். அவர் எடுத்த படத்தை அவரே பயன்படுத்தியதற்கு, பட விற்பனை நிறுவனம் ஒன்றின் சார்பில் 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது! 2016இல் அவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின.

எல்லாப் படத்தையும் திறந்துவிடு என்பது எங்கள் கோஷம் அல்ல. ஒரு குடும்பத்தின் சாவுப் படம் விளம்பரத் தட்டிக்குப் போகக் கூடாது. நாங்கள் கேட்பது எழுத்தில் தெளிவு. நன்கொடை வாங்கும்போதே எடுத்தவர், எடுக்கச் சொன்னவர், ஆண்டு, கொடுக்கும் உரிமை, அதன் காலம், எல்லை எல்லாம் ஒரே தாளில் பதிவாக வேண்டும். உரிமையை முழுதாகத் துறக்க நினைக்கும் படைப்பாளருக்கு 21ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதைக் காப்பகம் அவருக்குச் சொல்ல வேண்டும். கெடு முடிந்த படத்துக்கு வாட்டர்மார்க்கோ கட்டணமோ கூடாது. பிரதி எடுத்த செலவை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 1949இல் பாரதியின் எழுத்துகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு வாங்கியது. எழுத்தாளர்களுக்கு இன்றும் தொடரும் நாட்டுடைமைத் திட்டத்தில், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தந்து, புகைப்படக் கலைஞர்களையும் அரசு சேர்க்க வேண்டும்.

இந்த அறிக்கையில் கையெழுத்திடும் நாம் ஒவ்வொருவரும் அந்த ஒரு தாளை நம் ஊர் ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுப்போம்.