மூட்டையில் எழுதியிருப்பதைப் படிப்போம்!

என் தந்தையார் கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சிமெண்டு வந்து இறங்கியதும், "எந்த வாரம் கட்டிய மூட்டைன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று என்னைக் கேட்காமல் ஒரு மூட்டையையும் பிரிக்கமாட்டார். கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் நானோ, அந்தப் பாடத்தை மறந்து ஒருநாள் விழித்தேன்!

முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் திரட்டி, துறையில் சும்மா கிடந்த பழைய கணிப்பொறியில் நாங்கள் ஒரு தளம் அமைத்தோம். புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு அது பெரும் துணை. 2013இல் டாக்கர் வந்தபின் இத்தகைய வேலை எளிதாகிவிட்டது. ஒரு மென்பொருளும் அது இயங்கத் தேவையானவையும் ஒரே கட்டாக, 'இமேஜ்' என்ற பெயரில் கிடைக்கின்றன. தரவுகளைக் காக்கும் போஸ்ட்கிரெஸ் இமேஜை நான் 'லேட்டஸ்ட்' என்ற அடையாளத்துடன் எடுத்தேன். புதியதுதானே நல்லது என்ற எண்ணம்!

2025 செப்டம்பரில் போஸ்ட்கிரெஸின் 18ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் ஒருநாள், தேர்வுக்கு முந்தைய மாலையில், இமேஜ்களைப் புதுப்பித்தேன். 'லேட்டஸ்ட்' இப்போது 18ஐக் குறித்தது. 17இல் எழுதிய தரவை அது திறக்கவில்லை. தளம் படுத்துவிட்டது, நண்பர்கள் வெறுங்கையோடு திரும்பினர். '17' என்று எண்ணைக் குறித்தபின்தான் எனக்கு உயிர் வந்தது. குற்றம் மென்பொருளுடையதன்று, என்னுடையதே.

"இலவசமாகக் கிடைப்பதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என நண்பர்கள் கேட்கலாம். 2018இல் டாக்கர் ஹப் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து 17 இமேஜ்கள் நீக்கப்பட்டன. பிறர் கணிப்பொறியில் திருட்டுத்தனமாக மின்னணு நாணயம் தோண்டிய அவை, அதற்குள் 50 இலட்சம் முறைக்குமேல் எடுக்கப்பட்டிருந்தன. கட்டியவர் யார் என்று பாராததன் விளைவன்றோ இது?

அளவில் சிறியதெல்லாம் சிறந்ததும் அன்று. 'ஆல்பைன்' இமேஜ் சில மெகாபைட்டுகளே; ஆனால் அதன் அடிப்படை நூலகம் வேறு. டெபியனுக்கென ஆக்கப்பட்ட சில நிரல்கள் அதில் ஓடா. அப்போது டெபியனின் 'ஸ்லிம்' வகையே நமக்கு ஏற்றது.

அப்படியானால் பழையதையே பற்றிக்கொண்டிருப்பதா? கூடாது. நாள்பட்ட சிமெண்டு கட்டிதட்டும். நாள்பட்ட இமேஜில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்படும். '17' என்று குறித்தால், அப்பதிப்பின் திருத்தங்கள் புதுப்பிக்கும்போது வந்து சேரும். 18க்கு மாறுமுன் தரவை நகலெடுத்து, முறைப்படி மாற்றிக்கொள்ளலாம்.

கட்டியவர் யார், எந்தப் பதிப்பு, எப்போது கட்டியது, நம் கணிப்பொறிக்குப் பொருந்துமா? இந்நான்கையும் கேட்டபின்பே எடுப்போம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் நான். என் தந்தையார் என்னைப் படிக்கவைத்தது, மூட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதற்காகவும்தானே!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்