பூஜ்யமும் காலியும் ஒன்றா?

பிஎச்பி கற்கிற மாணவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டங்களை நீக்க வேண்டுமா? அரே_ஃபில்டர் என்று ஒரே ஒரு வரி போடு, வேலை முடிந்தது! வேலை முடிவதில்லை ஐயா, கடைக்காரரின் கணக்குதான் முடிகிறது.

ஒரு மளிகைக் கடையின் இருப்புப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பொருள்கள், ஐந்து கட்டங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பின்னால் சதுர அடைப்புக்குறி. அதனால் பிஎச்பி அவற்றை ஒரே அரேயாகத் தருகிறது. கடைக்காரர் நிரப்பியது: 12, 0, காலி, 7, 0. அரிசி 12 மூட்டை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, அதனால் 0. உளுந்தை இன்னும் எண்ணவில்லை, அதனால் காலி. மூன்றும் வெவ்வேறு தகவல்கள்.

அரே_ஃபில்டரிடம் எதை நீக்குவது என்று சொல்லாமல் விட்டால், பிஎச்பி 'பொய்' என்று கருதும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிடும். அந்தப் பட்டியலில் "0"-வும் இருக்கிறது. மிஞ்சுவது 12, 7 மட்டும். தீர்ந்துபோன பருப்பின் பழைய இருப்பு டேட்டாபேஸில் அப்படியே நிற்கும். இல்லாத பருப்புக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். இதற்கு மேல் அரே_வேல்யூஸ் போட்டு வரிசை எண்களை "அழகாக" மாற்றினால், நான்காவது பொருளின் 7 இரண்டாவது பொருளின் தலையில் விழும்.

எம்ப்டி() இன்னும் வேடிக்கை. "0" காலியாம், "0.00" காலி இல்லையாம்! ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டினால் அதுவும் காலி இல்லையாம். 2020-ல் வந்த பிஎச்பி 8, எண் 0-வும் காலி ஸ்ட்ரிங்கும் சமம் என்ற பழைய கூத்தை ஒழித்தது. ஆனால் எம்ப்டி() மட்டும் திருந்தவில்லை.

"பூஜ்யம் என்றாலும் ஒன்றுமில்லைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தேர்வு எழுதி 0 வாங்கியவனும் தேர்வுக்கே வராதவனும் ஒன்றா? மதிப்பெண் பட்டியலே இருவரையும் பிரித்துத்தான் காட்டுகிறது. பேரேட்டில் ஆரம்ப இருப்பு 0 என்று எழுதினால், யாரோ சரிபார்த்துச் சொன்னதாக அர்த்தம். வெற்றிடத்துக்கு அந்த அர்த்தம் கிடையாது.

பெயர்ப் பட்டியல் போன்ற படிவங்களில் 0 வரப்போவதில்லை. அங்கே குறுக்குவழி ஓடட்டும். எண் வரும் இடத்தில் கூடாது. ஒவ்வொரு மதிப்பையும் ட்ரிம் செய்து, காலி ஸ்ட்ரிங்தானா என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் போதும். அடைப்புக்குறிக்குள் பொருளின் எண்ணையும் எழுதிவிட்டால் இடம் மாறாது. டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு வருவதே இல்லை என்பதால் அங்கே இது கட்டாயம்.

கூடுதலாக இரண்டு வரி. அதற்குச் சோம்பல்பட்டு அடுத்தவர் கணக்கில் கை வைப்பதற்குப் பெயர் குறுக்குவழி அல்ல.