தூரிகை பிடிப்போர் இருக்கும் முறை

சீன தேசத்திலும் யப்பானிலும் எழுத்தெழுதுதல் சித்திரம் வரைதலுக்குச் சிறிதுங் குறையாத ஒரு கலையாக நெடுங்காலம் போற்றப்பட்டு வருகின்றது. தூரிகை, மைக்கட்டி, கடதாசி, மை அரைக்குங் கல் ஆகிய நான்கினையும் படிப்பறையின் நால்வகைச் செல்வங்கள் எனச் சீனர் கூறுவர். இந்நான்கும் கைக்கு வந்துவிட்டால் உடனே எழுதத் தொடங்கலாமென நினைப்போர் பலர். அவற்றை ஆளும் உடம்பு எவ்வாறு இருத்தல் வேண்டுமென்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

பேனா பிடித்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். பேனாவின் முனை கடினமானது. அதனைச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டை மேசைமீது கிடத்தி, விரல்களை மாத்திரம் அசைத்தாலும் எழுத்து வந்துவிடும். தூரிகையோ ஆட்டு மயிர், மரநாய் இன மயிர் முதலியவற்றாற் செய்யப்பட்டது. எப்பக்கம் அழுத்தினாலும் வளைவது. அதன் நுனி கோட்டின் நடுவே செல்லுமாயின் கோடு இருபுறமும் ஒத்து உறுதியாக அமையும். எழுதுபவர் ஒருபுறஞ் சாய்ந்தால் தூரிகையுஞ் சாயும். நுனி ஓரத்திலே செல்லும். கோட்டின் ஒருகரை வழுவழுப்பாகவும் மறுகரை பிசிறாகவுங் காணப்படும். கடதாசியோ மையை உடனே உறிஞ்சிவிடும். அழிக்கவும் இயலாது, மேலே தடவித் திருத்தவும் இயலாது. கூனிய முதுகு கடதாசியிலே நிலையாகப் பதிந்துவிடுகின்றது.

ஆதலால், முதலிற் கதிரையைக் கவனிப்போம். அமர்ந்து முழங்கையை மடக்கினால் அது ஏறக்குறைய மேசை மட்டத்திற்கு வருதல் வேண்டும். பாதங்கள் இரண்டும் தோளகலத்திற்கு விலகி நிலத்திற் படிய வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கால் எட்டாவிடின் ஒரு பலகையை வைத்துக் கொடுக்கலாம். தொங்குங் கால் முதுகை முன்னே இழுக்கும். மார்புக்கும் மேசை விளிம்புக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவு இடைவெளி வேண்டும். தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் தளர்ந்திருக்க, தலை சற்றே முன் குனியலாம்; பக்கத்திற் சாயக்கூடாது. இடக்கை கடதாசியைப் பிடித்திருக்கும். பிள்ளைகள் அக்கையினாலே மோவாயைத் தாங்கிக்கொள்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்!

தூரிகையை நிமிர்த்தி, விரல்கள் உறுதியாகவும் உள்ளங்கை ஒரு முட்டையை அடக்கியதுபோல வெறுமையாகவும் இருக்கப் பிடித்தல் வேண்டும். கையை வைக்கும் முறைகள் மூன்று. சிற்றெழுத்து எழுதும்போது இடக்கையைத் தலையணைபோல வைத்து அதன்மேல் வலக்கை மணிக்கட்டைக் கிடத்துவர். நடுத்தர எழுத்துக்கு முழங்கை மேசையைத் தொட, மணிக்கட்டு உயர்ந்திருக்கும். பேரெழுத்துக்கு முழங்கையும் மணிக்கட்டும் அந்தரத்தில் நிற்கும். அசைவு தோளிலிருந்து பிறக்கும். முதல் வாரத்திற் கை நடுங்கவே செய்யும். அதற்கஞ்சிக் கையை மேசையிற் போட்டுவிடுவோர் பலர். நம் கருத்தில், பத்து நிமிடம் உயர்த்தி எழுதி, ஐந்து நிமிடம் ஓய்ந்து, மீண்டும் எழுதுவதே தக்கது. தோள் காதை நோக்கி ஏறுகின்றதா, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுகின்றோமா என்பவற்றையும் இடையிடையே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மிகப் பெரிய எழுத்தாயின் எழுந்து நின்று, இடக்கையை மேசைமீது ஊன்றி எழுதுவர். யப்பானியர் தரையில் முழந்தாளிட்டுக் குதிகால்மேல் அமர்ந்தும் எழுதுவதுண்டு. ஆண்டுப் பிறப்பின்பின் தை 2ஆந் திகதி புத்தாண்டின் முதலெழுத்தை எழுதுதல் அவர்தம் வழக்கம். அப்பழக்கமில்லாத நமக்குக் கால் விரைவில் மரத்துப்போகும், கதிரையே போதும்.

பிடி எத்துணை உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதிற் பண்டைக்காலந் தொட்டே வாதமுண்டு. எழுத்துக்கலையின் முனிவராகக் கருதப்படும் வாங் சிசு 4ஆம் நூற்றாண்டினர். அவர் மைந்தர் வாங் சியென்சு (344-386) சிறுவனாய் எழுதிக்கொண்டிருந்தபோது, தந்தையார் பின்னே வந்து தூரிகையைச் சடுதியாகப் பற்றியிழுக்க, அது கையை விட்டு வரவில்லையாம். இவன் பெரும்புகழ் பெறுவான் எனத் தந்தை மகிழ்ந்தாராம். இக்கதையைச் சொல்லி, தூரிகையை இறுகப் பிடிக்கும்படி ஆசிரியர் பலர் மாணாக்கரை வற்புறுத்தியதுண்டு. கவிஞரும் எழுத்து வல்லுநருமாகிய சு ஷி (1037-1101) இதனை மறுத்தார். தந்தை மெச்சியது பிள்ளையின் கவனத்தையே. பிடியின் வலிமையே காரணமாயின் உலகிலுள்ள பலசாலிகள் யாவரும் எழுத்து வல்லுநராகிவிடுவரே என்பது அவர் வாதம். நாமும் அவர் பக்கமே. இறுக்கிய கையிலே தோளின் அசைவு விரலுக்கு இறங்குவதில்லை.

ஆயினும் அதே சு ஷி மணிக்கட்டைக் கிடத்தித் தூரிகையைச் சாய்த்து எழுதியவர். அதனால் அவர் எழுத்தின் இடப்பக்கம் அழகுற்றும் வலப்பக்கம் வறண்டும் இருப்பதாக ஒரு குறை சொல்லப்பட்டதை அவர் நண்பர் ஹுவாங் திங்சியென் எழுதிவைத்துள்ளார். அவ்வெழுத்தை இன்று உலகமே போற்றுகின்றது. முறை தவறியும் மேதை வென்றார் என்பதற்காக நம் பிள்ளைகளும் சாய்ந்தெழுதலாமென்று நாம் கூறமாட்டோம்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப்பற்றியும் கூறவேண்டும். சீன எழுத்தின் கிடைக்கோடு இடமிருந்து வலமாகச் செல்வது. வலக்கை அதனை இழுத்துச் செல்லும்; இடக்கை தள்ளிச் செல்ல நேரிடும். இதனால் வலக்கையாலேயே எழுத வேண்டுமென்பது பழைய ஆசிரியர் கட்டளை. ஆனால் சுசோ நகரில் வாழ்ந்த ஃபெய் சின்வோ (1903-1992) 1950களின் இறுதியில் வலக்கை மணிக்கட்டு நோயுற்றுச் செயலிழந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், இடக்கையாற் பயின்று அக்கை எழுத்தினாலேயே பெயர் பெற்றார். அந்தரத்தில் நிமிர்ந்து நிற்குந் தூரிகை எத்திசைக்கும் திரும்பவல்லது. தள்ளுவதன் இடர் பெரிதுங் குறையும். ஆகவே பெற்றார் பிள்ளையின் கையைப் பிடித்து மாற்ற வேண்டியதில்லை. மைக்கல்லை மேசையின் இடப்பக்கத்தில் வைத்து, வலக்கையாற் கடதாசியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.