நம்பிச் சொன்ன செய்தியும் பேசும் இயந்திரமும்

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துவரும் இந்நாளில், நம் சாத்தான்குளத்தில் படித்துவிட்டுப் போன அக்காமார் பலர் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வக்கீல் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதச் சொன்னால் எழுதுகிறது. நூறு பக்க அறிக்கையைச் சுருக்கச் சொன்னால் சுருக்குகிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் கடிதத்தில் இருப்பது யாருடைய நகைக்கடன், அந்த அறிக்கையில் இருப்பது யாருடைய நோய்?

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியிட மாட்டார். வங்கிக் குமாஸ்தாவுக்கு அத்தனை கண்டிப்பு இல்லாவிட்டாலும், நம்பிச் சொன்னது நம்பிச் சொன்னதுதான். இயந்திரத்திடம் நாம் தட்டச்சு செய்வது நம் மேசையோடு நிற்பதில்லை. எங்கோ உள்ள வேறொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கே அதைச் சேமித்து வைக்கலாம். இயந்திரத்தைப் பழக்கவும் பயன்படுத்தலாம். 2023-ல் தென்கொரியாவின் சாம்சங் நிறுவன ஊழியர்கள் கம்பெனியின் உள் நிரல்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிட்டார்கள். மே மாதத்தில் நிறுவனம் தடை விதித்தது. நம் மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி சுற்றறிக்கை அனுப்பியது.

வெறும் தடையால் காரியம் ஆகாது என்பது என் எண்ணம். அலுவலகக் கணினியில் கூடாதென்றால் கைப்பையிலுள்ள செல்போனை எடுப்பார்கள். (பரீட்சைத் துண்டுச்சீட்டின் கதை நமக்குத் தெரியாததா!) பிறகு மேலதிகாரிக்கு ஒன்றுமே தெரியவராது.

அண்டை மாநிலமான கேரளத்தின் உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த விதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அங்கீகரித்த கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். தீர்ப்பை இயந்திரம் முடிவு செய்யக் கூடாது. அது செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எங்கெங்கே பயன்படுத்தினார்கள், எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதற்குப் பதிவும் வேண்டும்.

சரிபார்ப்பது வீண் வேலையல்ல. 2023-ல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், இயந்திரம் கற்பனையாய்ச் சொன்ன வழக்குகளை மெய்யென நம்பி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, 5000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். இயந்திரத்துக்கு யாரும் அபராதம் விதிக்கவில்லை.

தூரத்துக் கதையெல்லாம் எதற்கு? பள்ளி அலுவலகங்களிலேயே மாணவியரின் ஜாதிச் சான்றிதழும், தகப்பனாரின் வருமானமும், ஆதார் எண்ணும் இருக்கின்றன. இவற்றுள் எதை இயந்திரத்தில் போடலாம், எதைக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி, அருட்சகோதரி தலைமையாசிரியை அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.