வீடியோவில் "கைது" செய்ய சட்டமே கிடையாது! பயம்தான் மோசடிக் கும்பலின் மூலதனம்

சென்னை,–

"உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு. உங்களை கைது பண்ணியாச்சு. கேமராவை விட்டு நகரக் கூடாது!"

செல்போனில் காக்கிச் சட்டை ஆசாமி இப்படி மிரட்டுகிறான். கூடவே முத்திரை குத்திய "நோட்டீஸ்" ஈமெயிலில் வருகிறது. "பணத்தை சரிபார்த்துத் திருப்பித் தருவோம்" என்று சொல்லி, சேமிப்பு முழுவதையும் அபேஸ் செய்து விடுகிறார்கள். இதுதான் "டிஜிட்டல் அரஸ்ட்" மோசடி.

படித்தவர்களும் ஏமாறுவது ஏன்?

ஆசை காட்டுகிற மோசடியில் யோசிக்க நேரம் உண்டு. இதில் அது கிடையாது. "வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே" என்பதுதான் முதல் உத்தரவு. ஆளைத் தனிமைப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது!

இப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. பிரதமர் மோடியே 2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோ பேச்சில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோவில் விசாரித்து பணம் கேட்காது.

ஈமெயிலில் பெயரை எப்படி வேண்டுமானாலும் போடலாம். முத்திரையையும் ஒட்டலாம். அதை நம்பி லிங்க்கைத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் நேரில் கேட்பதே நல்லது.

பணம் போய் விட்டால்?

பணம் வாடகைக் கணக்குகளுக்குப் போய், அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிகிறது. உடனே 1930-க்கு போன் செய்தால், போகிற வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் என்று தள்ளிப் போட்டால், பணம் கைமாறி விடும்.

மிரட்டல் வந்தால் போனை வையுங்கள். முதலில் வீட்டில் சொல்லுங்கள். கும்பல் பயப்படுவது அதற்குத்தான்!