மூர்த்தி பெரிதா, கீர்த்தி பெரிதா?

காலபோக நெல் கதிர்முற்றும் நாள்களில், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காவற் பரண்களில் எழும் பேச்சுகளுள் ஒன்று துவக்கைப் பற்றியது. இடியன் நல்லதா, தோட்டாத் துவக்கு நல்லதா? சிறு சன்னமா, பெருங் குண்டா? இவ்வாதம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. கைத்துப்பாக்கியைக் குறித்து உலகமும் நூறாண்டுக்கு மேலாக இதனையே வாதித்து வந்துள்ளது.

பிலிப்பைன்சில் பாய்ந்து வந்த எதிரியைத் தம் 0.38 அங்குலத் துப்பாக்கி தடுக்கவில்லை என்று மனம் நொந்த அமெரிக்கப் படையினர், 1904 ஆம் ஆண்டு தொம்சன், லகார்ட் என்னும் இருவரைக் கொண்டு பரிசோதனை நடத்தினர். மாண்ட மனிதர் உடல்கள் மீதும் உயிருள்ள மாடுகள் மீதும் சுட்டுப் பார்த்தனர். 0.45 அங்குலத்திற்குக் குறைந்த குண்டு போதாது என்று முடிவு கட்டினர். அதே படை 1985 இல் 9 மில்லிமீற்றர்க் குண்டை ஏற்றது. மறு ஆண்டே, மயாமி நகரில் நடந்த மோதலில் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தார் இருவர் மாண்டனர்; அவர்கள் தரப்பிலிருந்து பாய்ந்த 9 மில்லிமீற்றர்க் குண்டொன்று எதிரியின் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. ஆதலின் பணியகம் 10 மில்லிமீற்றருக்கும், பின்னர் 0.40 அங்குலத்திற்கும் தாவிற்று; ஈற்றில் 2015 அளவில் 9 மில்லிமீற்றருக்கே மீண்டது. சுற்றிச் சுற்றிச் சுப்பற்ற கொல்லைக்குள் வந்த கதைதான்!

காரணம் எளிது. வேகம் குறைந்த கைத்துப்பாக்கிக் குண்டு, பெரும்பாலும் தான் தொட்ட தசையையே கிழிக்கும். அது எங்கே பட்டது, எத்துணை ஆழம் சென்றது என்பவையே பயனை அறுதியிடுவன. சிறிதளவு அகலக் கூடுதல் அன்று. சிறிய குண்டோ கையை அதிகம் உதைப்பதில்லை. ஆதலாற் குறியும் தவறுவது குறைவு.

இவ்வுண்மையை நம் காட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். யானையின் தோலிற் புதையும் சன்னம் உயிர்நிலையை எட்டாது. புண்ணாகிச் சீழ் பிடிக்கும். நோவு தாளாத அவ்விலங்கு முன்னிலும் மூர்க்கமாய்த் திரியும். சுட்டவனுக்கு வயலும் மிஞ்சாது, உறக்கமும் மிஞ்சாது. கட்டுத்துவக்கோ இன்னும் கொடியது. குறிபார்க்கும் கண் அதற்கில்லை. பன்றிக்கென்று கட்டியது, விறகுக்குப் போனவனின் காலைச் சிதைக்கும். எவ்விடத்திற் படும் என்பதே முதன்மையான கேள்வியென்றால், அக்கேள்வியைத் தற்செயலிடம் ஒப்படைப்பதைவிடப் பேதைமை வேறுண்டோ?

கமக்காரனின் துயரை நாம் அறியாதவரல்லர். ஓர் இரவில் ஓராண்டு உழைப்பு மிதிபடுவதைக் கண்டவன் துவக்கைத் தேடுவது இயல்பே. ஆயினும், அரைகுறையாய்த் தாக்கும் கருவி காவலாகாது. பகையை வளர்ப்பதே அதன் பயன். ஊரார் ஒன்றுகூடிப் பேணும் மின்வேலிக்கு அரசு துணை நிற்கட்டும். பரணில் இருப்போரும், குண்டு எவ்வளவு பெரிது என்று கேட்பதை விடுத்து, அது யார்மேற் படும் என்று கேட்கத் தொடங்கட்டும்.