இ.எம்.ஐ. எவ்வளவு குறையும்? சார்பகமும் வீச்சகமும் சொல்லும் பதில்

20 லட்ச ரூபாய் வீட்டுக் கடன். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். "வருஷத்தைக் கூட்டிட்டா இ.எம்.ஐ. குறைஞ்சிடும்" என்பார்கள். உண்மைதான். ஆனால், மாதம் 14,000 ரூபாய்க்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. 30 வருஷம் இல்லை, 300 வருஷம் கட்டினாலும் முடியாது. ஏன் என்பதற்கான பதில், பள்ளியில் மார்க்குக்காகப் படித்து மறந்துபோன இரண்டு சொற்களில் இருக்கிறது: சார்பகம், வீச்சகம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு டொமைன், ரேஞ்ச்.

என்ன அது?

சார்பு என்பது ஒரு விதி. ஓர் எண்ணை உள்ளே கொடுத்தால், ஒரே ஒரு விடையை வெளியே தரும். எந்தெந்த எண்களைக் கொடுக்கலாம் என்பது சார்பகம். அவற்றுக்கு என்னென்ன விடைகள் வரும் என்பது வீச்சகம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் எண்ணைக்கூட உள்ளே கொடுக்கலாம். விடை மட்டும் மைனஸில் வரவே வராது.

உள்ளே எது போகலாம்?

நம் கடனில் உள்ளே போவது மாதங்களின் எண்ணிக்கை. கணக்குப்படி 1, 2, 3 என எந்த முழு எண்ணும் சரி. நடைமுறை அப்படி விடாது. 60 வயதுக்குள் முடிக்க வேண்டும் என்று வங்கி சொன்னால், 35 வயதுக்காரருக்கு 300 மாதத்தோடு சார்பகம் முடிந்துவிடும்.

வட்டி விகிதத்துக்கும் இதே கேள்வி உண்டு. வட்டி பூஜ்ஜியம் என்றால், வழக்கமான இ.எம்.ஐ. சூத்திரம் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்லி நின்றுவிடும். அங்கே அசலை மாதங்களால் வகுத்தாலே போதும்.

வெளியே எது வரும்?

முதல் மாத வட்டி மட்டுமே 15,000 ரூபாய். அதற்கு மேல் கட்டினால்தான் அசலில் ஒரு ரூபாயாவது குறையும். ஆக, வீச்சகத்தில் உள்ள எல்லா விடையும் 15,000-க்கு மேல்தான். மாதங்கள் கூடக் கூட அந்த எண்ணை நெருங்கும், தொடாது.

வட்டி மாறாமல் இருந்தால், 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 17,995 ரூபாய். 30 வருஷத்துக்கு சுமார் 16,092. பத்து வருஷம் நீட்டியும் மாதம் மிச்சம் 1,900 ரூபாய்தான். மொத்தமாகக் கட்டுவதோ 43.2 லட்சத்திலிருந்து 57.9 லட்சமாக ஏறிவிடுகிறது. கூடுதல் செலவு 14.7 லட்சம்!

பள்ளியில் இந்தப் பாடம் பெரும்பாலும் அம்புக்குறிப் படத்தோடு முடிந்துவிடுகிறது. கடன் கணக்கையும் சேர்த்துச் சொல்லித்தந்தால் மாணவர்களுக்கு ஆயுசுக்கும் உதவும். கடன் செயலிகளும் மாதத் தவணையைப் பெரிய எழுத்தில் காட்டுவதுபோல, மொத்தத் தொகையையும் அதே அளவில் காட்ட வேண்டும்.

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் நாமே கேட்டுக்கொள்வோம்: இதில் என்ன போடலாம்? எதற்குக் கீழே இது இறங்கவே இறங்காது?